ஒற்றைக் கேபிளில் ஒரு நாடு

பிஜியிலிருந்து 827 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் 2013இல் வந்த பிறகுதான் பசிபிக் தீவு நாடான டோங்காவில் அதிவேக இணையம் பரவியது. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் அது அறுந்தது. தலைநகர்த் தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் பிடித்தது. வவாவு போன்ற வெளித்தீவுகள் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தன. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் அங்கே ஏராளம். அந்தப் பணம் கைக்கு வரவும் இணையம் வேண்டும்.

2024இல் வெளித்தீவுகளை இணைக்கும் உள்நாட்டுக் கேபிள் மீண்டும் பழுதானபோது, உரிமம் இல்லையென்று ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவையை நிறுத்தச் சொன்னது அரசு. பிறகு தற்காலிகமாக அனுமதித்தது. உரிமம் கேட்பது அரசின் கடமைதான். ஆனால் தீவுகள் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் நேரத்திலா? மாற்று இணைப்புக்கான விதிகளைக் கேபிள் நன்றாக இருக்கும்போதே வகுத்திருக்க வேண்டும்.