கண் சாலையில், கை பட்டனில்

கார் பிரியர்கள் கூடும் இடங்களில் சில ஆண்டுகளாகவே அடிபடும் புகார் ஒன்று உண்டு: டாஷ்போர்டில் பட்டன்களைக் காணோம். ஏசி, முகப்பு விளக்கு, சில கார்களில் வைப்பர் வேகம் வரை தொடுதிரைக்குள் போய்விட்டன. பழமைப் பித்து என்று ஒதுக்கப்பட்ட இந்தப் புகாரில் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. அடிப்படை இயக்கங்களுக்குக் கையில் தட்டுப்படும் பட்டன் இருந்தே ஆக வேண்டும் என்று இந்தியாவும் விதி வகுக்க வேண்டும்.

ஸ்வீடனின் ‘வீ பிலாகரே’ மோட்டார் இதழ் 2022இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டியபடியே, இருக்கைச் சூட்டைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70 காரில் 10 விநாடிகளில் எல்லாம் முடிந்தன. அதற்குள் கார் கடந்த தூரம் 306 மீட்டர். தொடுதிரை கொண்ட புதிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் ஆனது 44.9 விநாடிகள், 1,372 மீட்டர். இத்தனைக்கும் கார்களைப் பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே நேரம் தரப்பட்டிருந்தது.

காரணம் எளிது. அடைமழையில் நெடுஞ்சாலையில் போகும்போது முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நீக்கத் திருகு குமிழ் இருந்தால் கை தானாகத் தேடிப் பிடிக்கும். ‘டிக்’ என்ற அசைவே வேலை முடிந்ததைச் சொல்லிவிடும். வழவழப்பான திரையிலோ எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கண்தான் தேட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், விரல் வேறொன்றைத் தொட்டுவிடும்.

ஜெர்மனியில் மழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், திரையில் வைப்பர் வேகத்தை மாற்றும்போது சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். அவருக்கு விதித்த அபராதமும் ஒரு மாத ஓட்டுநர் தடையும் சரியே என்று 2020இல் கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. வைப்பரைத் திரைக்குள் வைத்தது நிறுவனம், தண்டனை ஓட்டுநருக்கு.

பிறகு ஏன் நிறுவனங்கள் திரையை நாடுகின்றன? தனித்தனிப் பட்டன்களுக்கு அச்சு, வயர், பொருத்தும் கூலி என்று செலவு உண்டு. ஒரே திரையை வைத்து எல்லாவற்றையும் மென்பொருளில் அடக்கினால் அது மிச்சம். அந்தச் சிக்கனம்தான் ஷோரூமில் சொகுசு என்ற பெயரில் விலைபோகிறது. வரைபடத்துக்கும் பின்புறக் கேமராவுக்கும் திரை தேவை. அதை யாரும் மறுக்கவில்லை.

கார் பிரியர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் நாம் வாதிடவில்லை. ‘அந்தக் காலக் கார் இரும்பு, இந்தக் காலக் கார் தகரம்’ என்பது அவர்களில் பலரின் இன்னொரு குறை. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏரையும் 2009ஆம் ஆண்டு மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. நசுங்கியது பழைய காரின் ஓட்டுநர் இருக்கைப் பகுதி. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளவே புதிய காரின் முன்பகுதி மடங்குகிறது. தகரப் புகார் சோதனையில் தோற்றது. பட்டன் புகார் வென்றது.

பட்டனின் தேவையை ஐரோப்பா உணர்ந்துவிட்டது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இது சட்டமல்ல, ஆனால் ஐந்து நட்சத்திரத்தை விளம்பரத்தில் போட விரும்பும் நிறுவனம் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்டும், முக்கிய இயக்கங்களுக்கு இனிப் பட்டன்களே என்று 2025இல் அறிவித்தார்.

2023 அக்டோபரில் தொடங்கிய நமது பாரத் என்கேப், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்ள பாதுகாப்பையும் பாதுகாப்புக் கருவிகளையும் பார்த்து நட்சத்திரம் தருகிறது. ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் காரை இயக்க முடிகிறதா என்பதற்கும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதில் மதிப்பெண் சேர்க்க வேண்டும். ஐரோப்பியப் பட்டியலோடு, நம் மழைக்காலத்துக்கு அவசியமான கண்ணாடி ஆவி நீக்கியையும் ஏசியையும் இணைக்க வேண்டும். பெரிய திரை மட்டும் கொண்ட கார்கள் விலை குறைந்த ரகங்களிலும் பரவிவிட்ட பிறகு விதி போட்டால், ஏற்கெனவே சாலைக்கு வந்துவிட்ட லட்சக்கணக்கான கார்களுக்கு அதனால் பயன் இருக்காது.