ஒட்டாத நோயும் விலகும் மனமும்

"ஒட்டுமா?" உடலெங்கும் கொப்புளங்களுடன் ஒரு குழந்தையைக் கண்டால் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி இது. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா யாருக்கும் ஒட்டாது. மரபணு வழி வரும் அரிய நோய் இது. தோலின் அடுக்குகளைப் பிணைக்கும் புரதங்களில் பிறவியிலேயே குறை இருப்பதால், சட்டைத் தையல் உரசினாலும் கொப்புளம் எழும். நம் நாட்டு வெயிலும் வியர்வையும் சிலருக்கு அதை மோசமாக்கும்.

பிறந்த குழந்தைக்கு உரசும் இடமெல்லாம் கொப்புளித்தால், அம்மை, சாபம் என்று காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிருமி நீக்கிய ஊசியால் நீரை வடித்து, மேல்தோலைப் பிய்க்காமல், புண்ணில் ஒட்டாத கட்டுப் போடுவார்கள். சாதாரண பிளாஸ்டர் கூடவே கூடாது. எடுக்கும்போது தோலும் உரிந்துவிடும். 2023இல் அமெரிக்கா ஒரு வகைக்கு மரபணுச் சிகிச்சைப் பூச்சை அனுமதித்தது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

நோயே இல்லாத பெற்றோருக்கும் இப்படிக் குழந்தை பிறக்கலாம். அன்றாடம் கட்டு மாற்றும் தாயிடம், "யார் பக்கத்துக் குறை?" என்று கேட்பது கொடுமை என்பேன். நம்மில் பலர் நாளைய ஆசிரியர்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் மற்றப் பிள்ளைகளைத் தயங்காமல் உட்கார வைக்க வேண்டியவர்கள் நாம்தாம்.