உக்கிராணத்தை விழுங்கிய யுட்டிலிட்டி

மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடிக்கும் ஆங்கிலச் சொற்களில் ‘மட்ரூம்’ ஒன்று. பனியிலும் சேற்றிலும் நடந்து வருகிறவர்கள் பூட்ஸையும் கோட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைவதற்காக, அமெரிக்க வீடுகளில் பின்வாசலை ஒட்டி, பெரும்பாலும் சமையலறைக்குப் பக்கத்தில், கட்டிக்கொள்ளும் சிறிய அறை அது. ‘சேற்றறை’ என்று எழுதினால் வாசகர் எருமையை நினைத்துக்கொள்வார். ஆனால் அகராதியை மூடிவிட்டு யோசித்தால், பெயர்தான் நமக்குப் புதிது, இடம் பழகியதே. தமிழ்நாட்டில் புழக்கடை. மும்பைச் சால்களில் ஒற்றை அறைக்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்து அமைத்த ‘மோரி’. கேரளத்தில் சமையலறைக்குப் பின்னால் ‘ஒர்க் ஏரியா’. கால் கழுவுவது, மீன் ஆய்வது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அங்கேதான். நம் வீட்டுக்குச் சேறு பூட்ஸில் வருவதில்லை. உருளைக்கிழங்கிலும் கீரைக்கட்டிலும் வருகிறது.

மட்ரூமின் ஜோடியான பேன்ட்ரிக்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. தமிழில் உக்கிராணம், கன்னடத்தில் உக்ராண, மலையாளத்தில் கலவற, இந்தியிலும் வங்காளியிலும் பண்டார். இத்தனை மொழிகளில் பெயர் வைத்திருக்கும் அறை, கடந்த 30 ஆண்டுகளில் கட்டப்பட்ட ஃபிளாட்களில் பெரும்பாலும் காணவில்லை. பதிலாக ‘யுட்டிலிட்டி’ என்று ஒன்று வந்திருக்கிறது. மூன்றடி அகலப் பால்கனி. அதில் வாஷிங் மெஷின், சின்க், துடைப்பம், காஸ் சிலிண்டர். இடம் போதாமல் கடைசியில் 25 கிலோ அரிசி மூட்டையும் அங்கேயே போய்ச் சேருகிறது.

இங்கேதான் தகராறு. புழக்கடையும் உக்கிராணமும் சமையலறையின் இருபுறமும் இருக்க வேண்டியவை. ஒன்றோடு ஒன்று சேரக் கூடாதவை. முதலாவதுக்குத் தண்ணீரும் வெயிலும் காற்றும் வேண்டும். இரண்டாவதுக்கு ஈரமே ஆகாது. வெளிச்சம் குறைவாக, குளிர்ச்சியாக இருந்தால் போதும். அரிசியில் வண்டு எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. தாய் வண்டு மணிக்குள்ளேயே முட்டையிட்டு அடைத்துவிடுகிறது. கடையிலிருந்து வரும்போதே முட்டையும் கூட வருகிறது. கதகதப்பும் ஈரமும் கிடைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரித்து வளர்ந்து வெளியே வந்துவிடும். தானியத்தின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்குப் பிழைப்பு கஷ்டம். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்த மூட்டை அந்த 12 சதவீதத்தில் நிற்காது. குஜராத்தில் இன்றும் பல குடும்பங்கள் அறுவடை முடிந்ததும் வருஷத்துக் கோதுமையை வாங்கி, வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவிச் சேமிக்கின்றன. அதற்கு எண்ணெய் மட்டும் போதாது, உலர்ந்த அறையும் வேண்டும்.

பில்டர்கள் ஏன் ஸ்டோர் ரூம் கொடுப்பதில்லை? ஒரு சிறிய கணக்கு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடும் இடம் தனியாக உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்றது. தனி ஸ்டோர் இருந்தால் சமையலறையை 4.5 சதுர மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஸ்டோர் 3 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது அரை மீட்டர் சலுகைக்காக 3 மீட்டர் கொடுக்க வேண்டும். நிகர நஷ்டம் 2.5 சதுர மீட்டர். சுமார் 27 சதுர அடி. சதுர அடி 10,000 ரூபாய் விற்கும் நகரத்தில் 2,70,000 ரூபாய். இந்தத் தொகுப்பு வெறும் வழிகாட்டிதான், உள்ளாட்சிகள் தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன என்பது வேறு விஷயம். அந்த 27 சதுர அடியை ஹாலில் சேர்த்தால் சோபா போட்டுக் காட்டலாம். வாங்குகிறவர்களும் எத்தனை பெட்ரூம் என்றுதான் கேட்கிறார்கள். விளம்பரத்தில் ‘பி.எச்.கே.’ என்ற மூன்று எழுத்தில் உக்கிராணத்துக்கு எழுத்து இல்லை. டெல்லிப் பக்கம் ‘பிளஸ் எஸ்’ என்று போட்டிருந்தால், அது சர்வன்ட்டா, ஸ்டோரா, ஸ்டடியா என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, உங்களுக்கென்றே உள்ள பால்கனி கார்ப்பெட் ஏரியாவில் சேராது. உள்ளே இருக்கும் ஸ்டோர் சேரும். எனவே இரண்டு ஃபிளாட்களை ஒப்பிடும்போது, யுட்டிலிட்டியை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பத்து நிமிடத்தில் பருப்பு வீட்டு வாசலுக்கு வந்துவிடும்போது ஸ்டோர் எதற்கு என்பவர்கள் உண்டு. 2020 மார்ச் கடைசியில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இருக்கட்டும். புளியும் மிளகாயும் வருஷத்துக்கு ஒருமுறை, சீசனில் வாங்குகிற சரக்கு. அரைக்கிலோ பாக்கெட்டாக வாங்கினால் விலையும் வேறு, ருசியும் வேறு.

மனை வாங்கிச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஸ்டோரைக் குளியலறைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், என்றைக்காவது கசியும். மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம். பிரிட்ஜை அதற்குள் தள்ளாதீர்கள். அது தன் உள்ளே குளிர்விப்பதற்காக அறையைச் சூடாக்கும். கடப்பாக் கல்லோ கோட்டாக் கல்லோ, தட்டின் ஆழம் ஓரடிக்கு மேல் வேண்டாம். ஒன்றரை அடி வைத்தால் பின்வரிசை டின்னை மறந்துவிடுவீர்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருந்தால் கீழே பெருக்கலாம். உயரத்தில் வலையடித்த சின்ன ஜன்னல் போதும். சிலிண்டரை மட்டும் இந்த அறைக்குள் வைக்கவே கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். காற்றோட்டமில்லாத அறையில் அது வெளியேற வழியில்லை.

புழக்கடை என்கிற யுட்டிலிட்டியின் தரை, சமையலறைத் தரையைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். வாட்டம் கொத்தனார் ‘நஹானி டிராப்’ என்று சொல்கிற வடிகாலை நோக்கி. டைல்ஸ் ஒட்டியதும் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மறுநாள் சிமென்ட் இறுகிய பிறகு பேசிப் பயனில்லை. வெளிக்கதவு நேராக இங்கே திறந்தால், காய்கறிப் பை ஹாலைத் தாண்டி வர வேண்டியதில்லை.

வரைபடத்தில் வராத ஒருவர் இருக்கிறார்: அங்கே நின்று பாத்திரம் தேய்க்கிற பெண். பல வீடுகளில் அவர் சம்பளத்துக்கு வருகிறவர், மீதி வீடுகளில் அந்த வீட்டுப் பெண்ணேதான். யுட்டிலிட்டியை வரைகிறவர் அங்கே ஒரு நாளாவது பாத்திரம் தேய்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. டெல்லியில் ஜனவரிக் காலை ஐந்து டிகிரியில், கூரையில்லாத பால்கனியில், டாங்க்கிலிருந்து நேராக வருகிற தண்ணீர். உள்ளே குளியலறையில் கீசர் இருக்கிறது. அதிலிருந்து சுவருக்குள் ஒரு குழாயைச் சேர்த்துப் பதிப்பது கட்டும்போது பெரிய செலவே அல்ல. ஒரு லைட், மேலே ஒரு தகடு, மே மாதத்துக்கு ஒரு ஃபேன் பாயின்ட், உட்கார்ந்து தேய்க்கிறவருக்குத் தாழ்வாக இன்னொரு குழாய்.

முன்னால் திறக்கும் வாஷிங் மெஷின் ஆழத்தில் இரண்டடி பிடிக்கும். மூன்றடிப் பால்கனியில் மிச்சம் ஓரடி. அடுத்த முறை சாம்பிள் ஃபிளாட் பார்க்கப் போகும்போது ஒரு மணையைக் கையோடு கொண்டுபோய் அந்த ஓரடியில் போட்டு உட்கார்ந்து பாருங்கள். கூட வரும் விற்பனைப் பிரதிநிதி விழித்தால் விழிக்கட்டும்.