தான நிலத்துக்கும் தாள் வேண்டும்

1951 ஏப்ரல் 18இல் வினோபா பாவே பூதானம் தொடங்கியது நம் பக்கத்துப் போச்சம்பள்ளியில் அல்ல, தெலங்கானாவின் போச்சம்பள்ளியில். தமிழகத்தில் 1958இல் பூதானச் சட்டம் வந்தது. நிலம் கைக்கு வந்தும், தாள் வராத குடும்பங்கள் உண்டு. பழைய தானப் பத்திரத்தில் ஓர் எண்; 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் வேறு உட்பிரிவு. உழுதவர் காலமானால் வாரிசு திண்டாட நேரும்.

தருமபுரி மாவட்டப் பூதான விவசாயிகள் தானப் பத்திர நகல், ஒதுக்கீட்டு ஆணை, பட்டா, புலப்பட நகல், தீர்வை ரசீது, வாரிசுச் சான்று ஆகியவற்றை சர்வே எண் வாரியாகச் சேர்த்து வைத்தல் நலம். ஆனால் எண்களை ஒப்பிட்டுத் திருத்தும் பாரத்தை ஏழை உழவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமல்ல. ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. பூதான நிலக் கணக்கையும் அங்கேயே நேர் செய்ய வேண்டும்.