பாலுக்குக் காவல் தளரக் கூடாது

மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த பால் பவுடரால் சீனாவில் குழந்தைகள் இறந்ததையடுத்து, 2008இல் அந்நாட்டுப் பால் பொருள்களுக்கு இந்தியா தடை விதித்தது. பால் சேர்ந்த சாக்லேட், மிட்டாய்களும் இதில் அடங்கும். துறைமுக ஆய்வகங்கள் மெலமைனைக் கண்டறியும் திறன் பெறும்வரை தடை நீடிக்கும் என 2019இல் மத்திய அரசு அறிவித்தது. சரியான முடிவு. ஆனால், ஆய்வகங்களை மேம்படுத்துவதில் தாமதம் கூடாது. கொச்சி வல்லார்பாடம் முனையம் போன்ற நுழைவாயில்களில், சரக்குப் பெட்டகத்தைத் திறந்து மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் கலப்படம் தெரியும்.

தடையைப் போல வரியும் ஒரு காவல்தான். கொழுப்பு நீக்கிய பால் பவுடருக்கு 60 விழுக்காடு இறக்குமதி வரி உண்டு. குறிப்பிட்ட ஒதுக்கீட்டு அளவுக்குள் வரும் இறக்குமதிக்கு மட்டும் 15 விழுக்காடு. கூட்டுறவு நிறுவனங்களான மில்மாவுக்கும் ஆவினுக்கும் பால் ஊற்றும் சிறு குடும்பங்களுக்கு இந்த வரியே அரண். எந்த வணிக ஒப்பந்தத்துக்காகவும் அதை அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது.