மடக்கு கார்பைன் நம்பகமானதா? பேரூர்க்கடை ஆயுதக் கிடங்கு சொல்லும் பதில்

திருவனந்தபுரம்: ராணுவத்துக்கும் கடற்படைக்கும் 4.25 லட்சத்துக்கும் அதிகமான புதிய கார்பைன் துப்பாக்கிகளை வாங்குவதற்காக, பாதுகாப்பு அமைச்சகம் 2025 டிசம்பர் 30ஆம் தேதி பாரத் ஃபோர்ஜ், பிஎல்ஆர் சிஸ்டம்ஸ் ஆகிய இரு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்தது. இதன் மதிப்பு சுமார் ரூ.2,770 கோடி. புதிய கார்பைன் 5.56 மி.மீ. ரைஃபிள் தோட்டாவைச் சுடுவது. பல பத்தாண்டுகளாக இந்தியச் சிப்பாயின் தோளில் தொங்கிய 9 மி.மீ. ஸ்டெர்லிங் ரகக் கார்பைனுக்கு ராணுவம் இத்துடன் விடைகொடுக்கிறது.

மாநிலக் காவல் துறைகளின் நிலை வேறு. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும், பின்கட்டையை மடக்கினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறு கார்பைனை அவர்களும் கைவிட வேண்டுமா, புதிய வடிவில் தொடர வேண்டுமா என்ற கேள்வி இனி ஒவ்வொரு மாநிலத் தலைமையகத்திலும் எழும். அக்கேள்வியைப் பரிசீலிக்கத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரம் அரிது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐந்து வார இடைவெளியில், இந்நகரிலும் இதன் எல்லையிலும் நிகழ்ந்த இரு சம்பவங்களே அதற்குக் காரணம்.

களியக்காவிளையில் ஓர் இரவு

2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு, திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், தமிழக–கேரள எல்லையான களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த தமிழகக் காவல் துறை சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டார். வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குச் சென்றது. விசாரணையில், கத்தி திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையம் அருகிலும், கைத்துப்பாக்கி எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓடையிலும் மீட்கப்பட்டன.

மாநிலக் காவலர் எதிர்கொள்ளக்கூடிய தாக்குதலின் உண்மையான அளவை அந்த இரவு காட்டியது. தாக்கியவர்கள் மிக அருகில் வந்தனர். சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. 300 மீட்டர் தொலைவு பாயும் ரைஃபிளுக்கு அங்கே வேலையே இல்லை. அதே நேரத்தில், சாவடியின் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்ட கார்பைன் இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. காவலரின் உடலோடு எப்போதும் இருக்கக்கூடிய அளவுக்கு ஓர் ஆயுதம் சிறியதாக இருக்கிறதா என்பதே இங்கு முதல் அளவுகோல். மடக்கு கார்பைனுக்கு ஆதரவான வாதத்தில் வலுவான பகுதியும் இதுதான்.

பயனும் எல்லையும்

9 மி.மீ. தோட்டா நொடிக்குச் சுமார் 350 முதல் 400 மீட்டர் வேகத்தில் செல்கிறது; 5.56 மி.மீ. ரைஃபிள் தோட்டாவின் வேகம் 900 மீட்டரை ஒட்டியது. கைத்துப்பாக்கிக்கும் கார்பைனுக்கும் தோட்டா ஒன்றே என்றாலும், குழலின் நீளமும் தோளில் பதியும் பின்கட்டையும் பெரிய வேறுபாட்டைத் தருகின்றன. கைத்துப்பாக்கியால் 25 மீட்டரில் இலக்கைத் தவறவிடும் சராசரிக் காவலர், கார்பைனால் 50 மீட்டரில் துல்லியமாகச் சுட முடியும். உதைப்பு குறைவு, பயிற்சிச் செலவும் குறைவு. ஆண்டுக்குச் சில முறை மட்டுமே சுடும் வாய்ப்புப் பெறும் காவலருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

எல்லைகளும் தெளிவானவை. சாதாரண மென்மையான குண்டு துளைக்காத உடையே 9 மி.மீ. தோட்டாவைத் தடுத்துவிடும். 100 மீட்டருக்கு அப்பால் அதன் பாதை வெகுவாகத் தாழ்கிறது. வயநாடு, நிலம்பூர்க் காடுகளில் ரோந்து செல்லும் தண்டர்போல்ட் படையினருக்கு இது உதவாது. ராணுவம் ரைஃபிள் தோட்டாவுக்கு மாறியதன் காரணமும் இதுவே: எதிரே வருபவர் கவச உடையும் ஏ.கே. ரகத் துப்பாக்கியும் கொண்டவராக இருக்கக்கூடும் என்பது ராணுவத்தின் கணக்கு. மாநிலத் தலைநகரின் தெருக்காவலுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்துவது சரியாகாது.

ஆற்றுக்கால் பொங்கல் நாளில் திருவனந்தபுரத்தின் தெருக்கள் எப்படி இருக்கும் என்பது தமிழக பக்தர்களுக்கும் தெரியும். 2009ஆம் ஆண்டு பொங்கலில் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு உள்ளது. 2011ஆம் ஆண்டு நிலவறைகள் திறக்கப்பட்டபின் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றி ஆயுதக் காவல் பலமடங்கு கூடியது. அங்கும் கிழக்கேக்கோட்டைப் பகுதியிலும் எந்நேரமும் மக்கள் நடமாட்டம்தான். இத்தகைய இடங்களில் 9 மி.மீ. பாதுகாப்பானது, அது ஊடுருவிச் செல்லாது என்று கூறப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. காவல் துறைகளில் வழங்கப்படும் முழு உலோக உறையிட்ட 9 மி.மீ. தோட்டா, ஓர் உடலைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் காயப்படுத்தும் ஆற்றல் கொண்டது. குறி தவறிய தோட்டாவின் ஆபத்து, ரைஃபிளோடு ஒப்பிடும்போது குறைவு, அவ்வளவே. கூட்டத்துக்குள் தானியங்கி முறையில் தொடர்ந்து சுடுவதை எந்தத் தோட்டாவும் நியாயப்படுத்தாது.

பழைய துப்பாக்கி கற்பித்தது

1950களில் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங், பின்னர் உரிமம் பெற்றுக் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. 34 தோட்டாக்கள் கொள்ளும் வளைந்த மேகசின், துளையிட்ட குழல் உறை, அடியில் மடங்கும் பின்கட்டை என்ற அதன் உருவம், இந்தியாவில் வங்கி வாசலிலோ நீதிமன்ற வளாகத்திலோ ஒருமுறையேனும் நின்ற எவருக்கும் பரிச்சயமானது. அது மட்டமான துப்பாக்கி அன்று. போல்ட்டின் மேல் வெட்டப்பட்ட திருகு வடிவ வரிகள் மணலையும் அழுக்கையும் தாமே ஒதுக்கித் தள்ளும். மேகசினுக்குள் உள்ள உருளைகள் தோட்டா சிக்காமல் மேலேற உதவும்.

குறை வேறிடத்தில் உள்ளது. இந்த ரகத்தில் போல்ட் பின்னால் நின்று, விசையை அழுத்தியதும் முன்னே பாய்ந்து தோட்டாவை ஏற்றிச் சுடும். கனத்த இரும்பு பாயும் அதிர்வில் முதல் தோட்டாவின் குறி அசையும். இதற்கு முன்னோடியான ஸ்டென் துப்பாக்கி, கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடித்துவிடும் என்று பெயர் வாங்கியது. போல்ட் மூடிய நிலையிலிருந்து சுடும் எம்பி5 போன்ற துப்பாக்கிகளைச் சிறப்புப் படைகள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் இந்தியக் காவலரின் கையில் துப்பாக்கி தோல்வியுற்ற சம்பவங்களில், வடிவமைப்பைவிடப் பராமரிப்பே அதிகம் கேள்விக்குள்ளாகிறது. 2018 அக்டோபரில் உத்தரப் பிரதேச மாநிலம் சம்பலில் தேடுதல் வேட்டையின்போது துப்பாக்கி சிக்கிக்கொள்ள, காவல் அதிகாரி ஒருவர் வாயாலேயே சுடும் ஓசை எழுப்பிய காணொளி நாடெங்கும் சிரிப்புக்கு இடமானது. 2019 ஆகஸ்டில் பிகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில், அரசு மரியாதைக்காக நிறுத்தப்பட்ட 22 ரைஃபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒரு துப்பாக்கி சிக்கினால் இயந்திரக் கோளாறு எனலாம். இருபத்திரண்டும் ஒரே நேரத்தில் மௌனமானால், தோட்டா எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டுகள் எங்கே கிடந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பேரூர்க்கடைக் கணக்கு

இக்கேள்வியைத் திருவனந்தபுரத்தில் கேட்டது தலைமைக் கணக்குத் தணிக்கையர் அலுவலகம். களியக்காவிளைக் கொலை நடந்து ஐந்து வாரங்களுக்குப் பின், 2020 பிப்ரவரி 12ஆம் தேதி கேரளச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அறிக்கை, பேரூர்க்கடையில் உள்ள சிறப்பு ஆயுதக் காவல் படையின் கிடங்கில் 25 இன்சாஸ் ரைஃபிள்களும் 12,061 தோட்டாக்களும் குறைவதாகக் கூறியது. மாநிலமே அதிர்ந்தது.

சில நாள்களிலேயே ரைஃபிள் விவகாரத்துக்கு விடை கிடைத்தது. குற்றப்பிரிவுத் தலைவராக இருந்த டோமின் தச்சங்கரி முகாமுக்கு நேரில் சென்று எண்ணிப் பார்த்தார். ஒதுக்கப்பட்ட 660 ரைஃபிள்களில் 647 முகாமில் இருந்தன. எஞ்சிய 13, பயிற்சியில் இருந்த படையினருடன் மணிப்பூரில் இருப்பதாகக் கூறப்பட்டது. ஆகவே ரைஃபிள்கள் களவு போகவில்லை; பதிவேடுதான் பிழையாக இருந்தது.

தோட்டா விவகாரம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. அறிக்கையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு வரி, 9 மி.மீ. கார்பைனை மதிப்பிடுவோருக்கு மிக முக்கியமானது. 250 எண்ணிக்கையிலான 9 மி.மீ. பயிற்சித் தோட்டாக்கள் குறைந்ததை மறைக்க, அந்த இடத்தில் 250 போலித் தோட்டாக்கள் வைக்கப்பட்டிருந்தன என்பதே அது. குற்றப்பிரிவின் விசாரணையில், சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் குப்பிகளை உருக்கிச் செய்த சின்னம் ஒன்று முகாமிலேயே கைப்பற்றப்பட்டது. உதவி ஆய்வாளர் ஒருவர் கைதானார்.

பயிற்சித் தோட்டா வெடிப்பதில்லை. போலித் தோட்டாவும் வெடிப்பதில்லை. எனவே இதனால் யாருடைய உயிருக்கும் நேரடி ஆபத்து நேரவில்லை என்று வாதிடலாம். ஆனால் கிடங்கில் உள்ள தோட்டா எது, அது எந்த ஆண்டில், எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைப் பதிவேடு உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், அதைச் சுடும் துப்பாக்கியின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசுவதற்கே அடிப்படை இல்லாமல் போகிறது. தோட்டாவின் வெடிவிசையைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கார்பைனுக்கு இது இன்னும் பொருந்தும். பழைய, ஈரம் கண்ட தோட்டாவின் விசை குறைந்தால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். ஆண்டில் இரு பருவமழைகளைக் காணும் நகரத்தில் ஈரம் என்பது கற்பனையான ஆபத்து அன்று.

சந்தையில் உள்ளவை

இன்றைய நிலையில் 9 மி.மீ. ரகத்தில் கவனத்துக்குரிய உள்நாட்டுத் தயாரிப்பு 'அஸ்மி'. மவ் காலாட்படைப் பள்ளியும் டிஆர்டிஓவின் புணே ஆயுத ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நான்கே மாதங்களில் உருவாக்கியதாக 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மேல் உடல் விமானத் தர அலுமினியம், கீழ் உடல் கார்பன் இழை, விசைப் பகுதிகள் உலோக முப்பரிமாண அச்சில் உருவானவை. ஒன்றின் தயாரிப்புச் செலவு ரூ.50 ஆயிரத்துக்குள் அடங்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. 2024இல் ராணுவத்தின் வடக்குக் கட்டளையகம் 550 துப்பாக்கிகளை ஹைதராபாதின் லோகேஷ் மெஷின்ஸ் நிறுவனத்திடம் வாங்கியது. விலையும் எடையும் கவர்ச்சிகரமானவை. ஆனால் 550 என்பது சிறிய எண்ணிக்கை. பத்தாயிரக்கணக்கில், பல ஆண்டுகள், சராசரிக் காவலரின் கையில் புழங்கிய வரலாறு அதற்கு இன்னும் உருவாகவில்லை.

2020 டிசம்பரில் ராணுவச் சோதனைகளை முடித்த டிஆர்டிஓவின் கூட்டுப் பாதுகாப்புக் கார்பைன், 5.56x30 மி.மீ. என்ற தனி ரகத் தோட்டாவைக் கோருகிறது. இன்சாஸ் ரைஃபிளின் தோட்டாவும் அதற்குப் பொருந்தாது; கைத்துப்பாக்கியின் தோட்டாவும் பொருந்தாது. இருக்கும் தோட்டாக்களின் கணக்கே தடுமாறும் கிடங்கில் மேலும் ஒரு புதிய ரகத்தைச் சேர்ப்பது தொல்லையை விலைகொடுத்து வாங்குவதாகும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'திருச்சி கார்பைன்' ஏ.கே. ரகத் துப்பாக்கியின் 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடுவது, உருவில் சிறியதாயினும் அது ரைஃபிள் குடும்பத்தைச் சேர்ந்தது.

வெளிநாட்டில் மடக்கு கார்பைன் என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கெல்டெக் சப்-2000. அதில் பின்கட்டை மடங்குவதில்லை. துப்பாக்கியே நடுவில் கீல்போல இரண்டாக மடிகிறது. மடித்தால் சுமார் 40 செ.மீ. மட்டுமே. இந்த வசதிக்கு விலை உண்டு. ஒவ்வொரு முறை மடித்து விரிக்கும்போதும் குழல் அதே இடத்தில் இம்மி பிசகாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். முந்தைய வடிவங்களில் மேலே குறிபார்க்கும் கருவியைப் பொருத்தினால் மடிக்க முடியாது. 2023இல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் முன்பிடியைச் சுழற்றி ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. 2017இல் குழலின் வெப்பப் பதப்படுத்தலில் நேர்ந்த குறைபாட்டால் ஒரு தொகுதித் துப்பாக்கிகளை நிறுவனமே திரும்பப் பெற்றது. தனிநபர் தன் பையில் வைத்துக்கொள்ள இது ஏற்ற வடிவமாக இருக்கலாம். நாள்தோறும் பலர் கைமாறும் காவல் நிலையத்தில், தேயக்கூடிய கீல் ஒன்று குறைவாக இருப்பதே நல்லது. (இந்தியாவில் தனிநபருக்கு இக்கேள்வி எழவே இல்லை: 9x19 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகத்தைச் சேர்ந்தது.)

ஆகவே ராணுவத்தைப் பின்பற்றி 9 மி.மீ. கார்பைனை ஒட்டுமொத்தமாகக் கைவிட மாநிலக் காவல் துறைகளுக்கு அவசியம் இல்லை. சோதனைச் சாவடி, கோயில் வாசல், நீதிமன்றம், முக்கியப் பிரமுகர் வாகனம் ஆகிய இடங்களுக்கு அது இன்றும் பொருத்தமானது. போல்ட் மூடிய நிலையிலிருந்து சுடுவது, பின்கட்டை மட்டும் மடங்குவது, காவலரின் இடுப்பில் உள்ள கைத்துப்பாக்கியின் தோட்டாவையே ஏற்பது என்ற மூன்றும் நிறைவேறினால் போதும்.

ராணுவக் கொள்முதலே எவ்வளவு இழுபட்டது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. 2018இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் காரக்கல் நிறுவனத்திடமிருந்து 93,895 கார்பைன்களை வாங்க நடந்த அவசரத் தேர்வு 2020இல் கைவிடப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாக மேலும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. மாநிலங்களின் ஒப்பந்தப்புள்ளிகள் அதைவிட விரைந்து நகரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அதுவரை பழைய கார்பைன்களே காவலில் நிற்கும். அவற்றுக்கான தோட்டாக்களைத் தொகுதி வாரியாக எண்ணி, ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்த்து, காலாவதியானவற்றை ஒதுக்குவதற்கு எந்த ஒப்பந்தப்புள்ளியும் தேவையில்லை. பேரூர்க்கடையில் 2020இல் ரைஃபிள்களை எண்ணி முடிக்க ஒரு நாளே போதுமானதாக இருந்தது.