அண்ணாந்து பார்க்கலாம், வாங்க!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு என்ன படம்?" இந்த வாரம் என் சிபாரிசு ஒரு படம், ஒரு புத்தகம்.

படம், மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' (2023). பத்திரிகையில் படக்கதை வரையும் பயந்த சுபாவக்காரர் சிவகார்த்திகேயன். ஒருநாள் அவர் காதில் மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அண்ணாந்து பார்த்தால் யாருமில்லை! விஜய் சேதுபதியின் குரல் அது. பூதமோ மந்திரவாதியோ கிடையாது. மாயம் அந்தக் குரல் மட்டும்தான். மற்றதெல்லாம் நிஜம். குடிசையை விட்டு அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், விரிசல் விட்ட சுவர்கள், கேள்வி கேட்கப் பயம். வடசென்னைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அம்மாவாக வரும் சரிதாவின் கோபத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

புத்தகம், மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன்தான் கிருஷ்ணன். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996 வரை, 46 வருடங்கள் இயற்கை பற்றியே பத்தி எழுதியவர். புலி, யானை மட்டுமல்ல, நாம் தினமும் கண்டுகொள்ளாமல் கடந்து போகிற உயிர்களையும் நின்று பார்த்து எழுதுகிறார். கட்டுரைகள் சின்னவை. இரவுக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம்.

படித்து முடித்ததும் எண்ணூர்தான் ஞாபகம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் கலந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். வலையும் படகும் கறுத்துப்போன மீனவர்கள் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள். இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் பறவை எண்ணூரில் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நல்லபடியாக இருந்தபோது பார்க்காததை, கறை படிந்த பிறகு பார்த்தோம்.

பெயர் தெரிந்த பறவைக்கு ஒன்று என்றால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் படம் முடிந்ததும் மாலையில் ஒரு நடை எண்ணூர் முகத்துவாரம் போய்விட்டு வாருங்கள். பைனாகுலர் வேண்டாம். வெள்ளையாக ஒல்லியாக நிற்பது கொக்கு. இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். அலகுக்குக் கீழே பை தொங்கினால் கூழைக்கடா.

என்னென்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்!